சிறப்புக் கல்வித் தேவையுள்ள குழந்தைக்கு உதவி தேடும் குடும்பம் எங்கிருந்து தொடங்குவது?

குழந்தைக்கு இரண்டு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, அல்லது நான்காம் வகுப்புக்கு வந்த பிறகும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறுகிறது என்று பெற்றோர் கவலைப்படத் தொடங்கும்போது, வீட்டுப் பெரியவர்களிடமிருந்து முதலில் வரும் ஆறுதல் "இவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்பதாக இருக்கும். ஆறுதலாக ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் அதை நம்பி ஓராண்டைக் கடத்திவிடக் கூடாது. பயிற்சிக்கு மூளை மிக எளிதாக இசைந்துகொடுப்பது முதல் ஆறு ஆண்டுகளில்தான் என்பதால், ஐயம் எழுந்த அன்றே மதிப்பீட்டுக்கு நாள் வாங்குவது நல்லது. குறை எதுவும் இல்லையென்று மருத்துவர் சொல்லிவிட்டால் இழப்பு ஒரு நாள் விடுப்பு மட்டுமே.

தமிழ்நாட்டில் இத்தகைய குடும்பங்களுக்கான உதவிகள் மூன்று துறைகளில் பிரிந்து கிடக்கின்றன. குறைபாட்டைக் கண்டறிவதும் சிகிச்சையும் மக்கள் நல்வாழ்வுத் துறையிடமும், அடையாள அட்டையும் உதவித்தொகையும் உபகரணங்களும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையிடமும், பள்ளிச் சேர்க்கையும் சிறப்புப் பயிற்றுநரும் தேர்வுச் சலுகையும் பள்ளிக் கல்வித் துறையிடமும் உள்ளன. ஒரு துறையின் மேசையில் அமர்ந்திருப்பவர் அடுத்த துறையில் என்ன கிடைக்கும் என்று தாமாகச் சொல்வது அரிது. எனவே இந்த மூன்றையும் இணைக்கும் வேலை நடைமுறையில் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. இது நியாயமல்ல என்றாலும், இதை முன்கூட்டியே அறிந்திருப்பவர்களின் அலைச்சல் பாதியாகக் குறைந்துவிடும். மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் நோக்கத்தோடு அரசு 'விழுதுகள்' என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்களைத் திறந்துவருகிறது. உங்கள் பகுதியில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கோப்பு

எந்த அலுவலகத்துக்கும் செல்லும் முன் ஒரு கோப்பு தயாராக வேண்டும். பிறப்புச் சான்று, குழந்தையின் ஆதார், குடும்ப அட்டை, தடுப்பூசி அட்டை, கடவுச்சீட்டு அளவுப் புகைப்படங்கள், இதுவரை பார்த்த மருத்துவர்களின் சீட்டுகள் ஆகியவற்றோடு, பிரசவம் பார்த்த மருத்துவமனையின் விடுவிப்புச் சுருக்கத்தையும் (டிஸ்சார்ஜ் சம்மரி) தேடி எடுத்து வையுங்கள். குழந்தை பிறந்ததும் அழுததா, குறைமாதப் பிறப்பா, மஞ்சள் காமாலைக்கு விளக்கின் கீழ் வைத்தார்களா, வலிப்பு வந்ததா என்பனவற்றை ஒவ்வொரு மருத்துவரும் கேட்பார்; அந்தத் தாள் இருந்தால் நினைவைத் துழாவ வேண்டியதில்லை. இரண்டாவதாக, தலை நின்றது, உட்கார்ந்தது, நடந்தது, முதல் சொல் பேசியது எந்தெந்த மாதத்தில் என்று ஒரே பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக, குழந்தை வீட்டில் விளையாடும்போதும், சாப்பிடும்போதும், அடம் பிடிக்கும்போதும் கைப்பேசியில் எடுத்த சில நிமிடக் காணொளிகளை வைத்திருங்கள். வீட்டை இரண்டாக்கும் பிள்ளை மருத்துவரின் அறையில் பதினைந்து நிமிடம் சமர்த்தாக உட்கார்ந்திருந்து பெற்றோரைப் பொய்யர்களாக்கிவிடுவதுண்டு.

அதே கோப்பில் ஒரு சிறு நோட்டும் இருக்கட்டும். எந்தத் தேதியில், எந்த அலுவலகத்தில், எந்தப் பொறுப்பில் உள்ளவரைப் பார்த்தீர்கள், அவர் என்ன சொன்னார் என்பதை அன்று மாலையே எழுதிவிடுங்கள். "போன தடவை வந்தப்போ இந்தப் பேப்பர் வேணும்னு சொல்லலையே" என்று வாதிடும் நிலை வந்தால் உங்களிடம் தேதி இருக்கும். அசல் ஆவணங்களை எவரிடமும் விட்டுவிட்டு வர வேண்டாம்; கொடுக்கும் ஒவ்வொரு மனுவின் நகலிலும் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள்.

மதிப்பீடு

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இயங்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டுச் சேவை மையமே கட்டணமில்லாத முதல் வாசல். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் வரும் இம்மையம், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கானது. குழந்தை மருத்துவர், உளவியலாளர், இயன்முறைச் சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோர் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்பதே இதன் அமைப்பு. இத்திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வரும். அங்கன்வாடிப் பணியாளரிடம் சொல்லிவைத்தால் குழு வரும் நாளைத் தெரிவிப்பார். சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டிலுள்ள, பல்வகைக் குறைபாடுடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமும் பலருக்கு வழிகாட்டியவை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் வளாகத்தில், பெற்றோர் குழந்தையோடு தங்கிப் பயிற்சி கற்றுக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. தென் மாவட்டத்தினருக்குத் தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும், மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு நிறுவனமான அமர் சேவா சங்கம் பக்கத்தில் இருக்கிறது.

பேச்சு வராத எந்தக் குழந்தைக்கும் செவித்திறன் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. பிடிவாதக்காரன் என்றும் ஆட்டிசமாக இருக்குமோ என்றும் பேசப்பட்ட குழந்தைக்குக் காது கேட்காததுதான் காரணமாக இருந்ததும் உண்டு. ஆறு வயதுக்குள் கண்டறிந்தால், உரிய தகுதியுள்ள குழந்தைக்கு, ஒலியை உணரச் செய்ய உட்செவியில் வைக்கும் காக்ளியர் கருவியைப் பொருத்தும் அறுவைச் சிகிச்சையை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்துகொள்ளலாம். அதன் பிறகான கேட்டுப் பேசும் பயிற்சியைப் பாதியில் நிறுத்தினால் அறுவைச் சிகிச்சையின் பயனும் பாதியில் நின்றுவிடும்.

அறையை விட்டு வெளியே வருமுன் மூன்று கேள்விகளுக்கு விடை வாங்குங்கள்: மதிப்பீட்டு அறிக்கை எழுத்தில் எப்போது கிடைக்கும், வாரத்துக்கு எத்தனை முறை எந்தப் பயிற்சி தேவை, அந்தப் பயிற்சியில் வீட்டில் நாங்கள் அன்றாடம் செய்ய வேண்டியது எது? மூன்றாவது கேள்விக்கு விடை தராத மையம் எவ்வளவு அழகாகச் சுவரோவியம் தீட்டியிருந்தாலும் எனக்கு அதன்மேல் ஐயம் உண்டு. வாரத்தில் இரண்டு மணி நேரம் அவர்களிடமும் மீதி நேரமெல்லாம் உங்களிடமும் இருக்கும் பிள்ளை அது. முழுமையாகக் குணப்படுத்தித் தருகிறோம் என்று தேதி குறிப்பவர்களிடமிருந்தும், ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் ஊசி என்று இலட்சக்கணக்கில் கேட்பவர்களிடமிருந்தும் விலகிவிடுங்கள். அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை.

சான்றும் அட்டையும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, தசைச் சிதைவு நோய் ஆகியவை அவற்றுள் அடங்கும். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்ற சான்று வேண்டும். யூ.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கு ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்த பின் அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு பரிசோதிக்கும். விண்ணப்பிக்கத் தெரியாதவர்கள் ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை நேரில் அணுகலாம். மருத்துவ முகாம் நாட்களையும் அங்கேதான் கேட்க வேண்டும். வளரும் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றே தரப்படும் என்பதால், அதில் எழுதியுள்ள காலாவதித் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயதுக்கு முன் சான்று வழங்குவதில்லை. ஆயினும் ஆசிரியர் கூடுதல் கவனத்தோடு கற்பிப்பதற்குச் சான்று தேவையில்லை.

சான்று வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள் என்று தயங்கும் பெற்றோர் உண்டு. அந்தத் தாளை எங்கே காட்டுவது, எங்கே காட்டாமல் விடுவது என்பது உங்கள் விருப்பம். கையில் இல்லாத சான்றைத் தேர்வுக்கு முதல் வாரத்தில் எவராலும் வாங்கித் தர முடியாது என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

அட்டை வந்ததும் அதே அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். 40 விழுக்காடோ அதற்கு மேலோ அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், 75 விழுக்காடோ அதற்கு மேலோ கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், தசைச் சிதைவு நோயுற்றோர் உள்ளிட்டோருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய் என்று இத்தொகை உயர்த்தப்பட்டது. கல்வி உதவித்தொகை, சக்கர நாற்காலி, காதொலிக் கருவி, பேருந்துப் பயணச் சலுகை ஆகியவற்றுக்கும் அங்கேயே படிவங்கள் கிடைக்கும்.

பள்ளி

சட்டம் இவ்விடத்தில் தெளிவாகவே இருக்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான குழந்தை, அருகமைப் பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்கும் உரிமையை 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆம் பிரிவு தருகிறது. அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. நடைமுறையிலோ, எங்கள் ஊரில் ஒரு பள்ளி எனக்குச் சொன்னது போல, "உங்க பையனுக்கு இங்க வசதி பத்தாதுங்க, அவன் நல்லதுக்குத்தான் சொல்றோம்" என்று மென்மையாகக் கதவைச் சாத்துவார்கள். அப்போது கோபப்படாமல், சேர்க்கை விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். வாயால் எளிதாக வரும் மறுப்பு எழுத்தில் எளிதாக வருவதில்லை. பதில் வராவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என்று மேலே செல்லலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

பலருக்குத் தெரியாமலே போவது வட்டார வள மையம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் உள்ளடக்கிய கல்விப் பிரிவில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறைச் சிகிச்சையாளரும் நியமிக்கப்படுகிறார்கள். அவர்கள் அரசுப் பள்ளிகளுக்கு நேரில் வந்து பார்ப்பதுண்டு; நடமாட இயலாத குழந்தைக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் ஏற்பாடும், உடன் வருபவருக்கான படியும், ஆண்டுதோறும் மருத்துவ முகாமும் இத்திட்டத்தில் உள்ளன. தலைமையாசிரியர் சொல்வார் என்று காத்திராமல் மையத்துக்கு நேரில் சென்று குழந்தையின் பெயரைப் பதியுங்கள்.

பொதுப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று கேட்பவர்களுக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. சைகை மொழியில் சரளமாகப் பழகும் காது கேளாத பிள்ளைக்குத் தன்னொத்த பிள்ளைகள் நிறைந்த பள்ளியே உயிராக இருக்கலாம். வகுப்பு இரைச்சலைத் தாங்கக்கூடிய ஆட்டிசக் குழந்தைக்குப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளோடு படிப்பது கூடுதல் பயன் தரலாம். எந்தப் பள்ளியானாலும், ஜூன் மாத முதல் வாரத்தில் வகுப்பாசிரியரிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: பிள்ளைக்கு எது பிடிக்கும், எதனால் பதறும், பதறினால் எப்படி அமைதிப்படும், கழிப்பறைத் தேவையை எப்படிச் சொல்லும். நாற்பது பிள்ளைகளை வைத்து மேய்க்கும் ஆசிரியருக்கு ஆய்வறிக்கையைவிட இந்த ஒரு பக்கம் உதவும்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு முதலிய சலுகைகளை அரசுத் தேர்வுகள் இயக்ககம் வழங்குகிறது. விண்ணப்பம் பள்ளி வழியாகவே செல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரிடம் பேசத் தொடங்குங்கள். இந்தப் பாடத்திட்டமே சுமையென்றால், ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகளில் பாடம் பாடமாக எழுதித் தேறும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியும் ஒரு வழி.

பெற்றோருக்கு

நான் அறிந்த வரையில், எந்த மையத்தில் பயிற்சியாளர் உண்மையாக வேலை செய்கிறார், எந்த மருத்துவமனையில் எந்தக் கிழமை கூட்டம் குறைவு என்பன போன்ற தகவல்கள் காத்திருப்பு அறையில் பக்கத்து நாற்காலியில் இருக்கும் தாயிடமிருந்துதான் கிடைக்கின்றன. அவருடைய எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பல ஊர்களில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்கள் இப்படித்தான் முளைத்தன. தாய் ஒருவரே எல்லாப் பயிற்சிக்கும் தூக்கிக்கொண்டு அலையும் வழக்கத்தையும் வீட்டுக்குள் பேசி மாற்ற வேண்டும். மாதத்தில் இரண்டு பயிற்சி நாட்களாவது தந்தை செல்லட்டும். பிள்ளையைப் பற்றிய வீட்டுச் சண்டைகளில் பாதி அந்தக் காத்திருப்பு அறையிலேயே தீர்ந்துவிடும். உடன்பிறந்த பிள்ளைக்கும் தனியாக ஒரு மணி நேரம் வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை இரண்டை விட்டுவிடாதீர்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை தருகிறது. பயிற்சிச் செலவும் அதில் அடங்கும். பழைய முறையில் வருமான வரி செலுத்தும் பெற்றோர் 75,000 ரூபாயை, குறைபாடு 80 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000 ரூபாயை, வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அரசு ஊழியராக இருந்தால், தமக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் பெறும் வகையில் பிள்ளையின் பெயரையும் குறைபாட்டையும் பணிக்காலத்திலேயே பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

மேற்சொன்ன நான்கு வகைப் பிள்ளைகளுக்கு 18 வயது நிரம்பியதும், அவர்கள் சார்பில் கையொப்பமிடப் பெற்றோர் என்ற உறவு மட்டும் போதாது. ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு, தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999இன் கீழ் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்கிறது. வங்கிக் கணக்குக்கும் சொத்துப் பதிவுக்கும் அந்த ஆணையைக் கேட்பார்கள். பிள்ளைக்குப் பதினேழு வயது முடியும்போதே பழைய கோப்பைத் திறந்து, அதற்கான படிவத்தை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.