காலில் ஊதாக் கோடுகள்: ஊசியா, லேசரா, நம் தோலுக்கு எது சரி?

தொடையின் வெளிப்பக்கம், முழங்காலுக்குப் பின்னால், கணுக்காலைச் சுற்றி என்று சிவப்பிலும் ஊதாவிலும் நூல் நூலாகப் படர்ந்திருக்கும் இந்த ரத்தக்குழாய்களுக்கு ஸ்பைடர் வெயின் என்று பெயர். 1 மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன்தான் இருக்கும். அதைவிடக் கொஞ்சம் பெரிதாக, 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை, தோலுக்கடியில் நீலப்பச்சையாகத் தெரிபவை ரெட்டிகுலர் வெயின். 3 மில்லிமீட்டரைத் தாண்டிப் புடைத்து முறுக்கிக்கொண்டு நின்றால்தான் நாம் நரம்பு சுருட்டு என்று சொல்லும் வெரிகோஸ். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

இதைப் பற்றி இணையத்தில் தேடினால் கொட்டுகிற தகவலில் பெரும்பகுதி வெள்ளைத் தோலை மனதில் வைத்து எழுதியது. அங்கே "இரண்டு வாரத்தில் மறைந்துவிடும் லேசான சிவப்பு" என்று போட்டிருப்பது நம் மாநிறத் தோலில் மாதக்கணக்கில் நிற்கும் பழுப்புக் கறையாக மாறலாம். நூல் போன்ற கோட்டை எடுக்கப் போய், அதைவிடப் பளிச்சென்று தெரியும் தழும்போடு திரும்பி வருபவர்கள் இருக்கிறார்கள். அதனால் நமக்கு முதல் கேள்வி "எது சீக்கிரம் போக்கும்" என்பதல்ல, "எது கறை விடாமல் போக்கும்" என்பதுதான்.

சிகிச்சைக்கு முன்னால் ஒரு டாப்ளர் ஸ்கேன், அதாவது ரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று காட்டும் அல்ட்ராசவுண்ட். எல்லோருக்கும் கட்டாயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் சாயங்காலம் கால் கனக்கிறது, கணுக்கால் வீங்குகிறது, ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, புடைத்த நரம்பும் கூடவே இருக்கிறது என்றால் அவசியம் எடுத்துவிடுங்கள். கணுக்காலின் உள்பக்கம் விசிறி மாதிரி விரிந்த கோடுகள் இருந்தாலும், அங்கே தோல் கறுத்திருந்தாலும் அப்படியே. உள்ளே பெரிய சிரையின் வால்வு பழுதாகி ரத்தம் கீழே திரும்பி வழிந்துகொண்டிருந்தால், மேலே தெரியும் கோடுகளை மட்டும் அழிப்பது குழாய் ஒழுகும்போது சுவருக்கு வெள்ளையடிப்பது போலத்தான். ஸ்கேனை உங்களை நிற்க வைத்துப் பார்க்க வேண்டும், படுக்க வைத்து மட்டும் பார்த்தால் அந்தப் பின்னோட்டம் தவறிப்போகும். பழுது இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், அழகு சிகிச்சை அப்புறம்.

சரி, உள்ளே பிரச்சினை இல்லை, கோடுகள் மட்டும்தான் என்றால் முதல் தேர்வு ஊசிதான். ஸ்கிலிரோதெரபி என்பார்கள். லேசர் என்ற சொல்லுக்கு ஒரு கவர்ச்சி இருப்பதால் அதுதான் மேல் என்று நினைத்துப் பலர் போகிறார்கள், ஆனால் கால் நரம்புகளைப் பொறுத்தவரை இன்றும் ஊசிக்குத்தான் முதலிடம். பாலிடோகனால் அல்லது சோடியம் டெட்ராடெசில் சல்ஃபேட் என்ற மருந்தை அந்தக் குழாய்க்குள்ளேயே செலுத்துவார்கள், அது உள்சுவரை எரிச்சலூட்டி ஒட்டவைத்துவிடும், பிறகு உடம்பே மெல்ல அதைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். பாலிடோகனால் முதலில் மரத்துப்போகச் செய்யும் மருந்தாக உருவானது, அதனால் வலி குறைவு. சில இடங்களில் செறிவான உப்புக் கரைசல் போடுகிறார்கள், அது நன்றாகவே எரியும், வெளியே கசிந்தால் புண்ணாகும் அபாயமும் உண்டு. என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று கேட்டுவிட்டுப் படுங்கள்.

சிகிச்சை அறையில் நடப்பது இதுதான். உருப்பெருக்கிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, 30 கேஜ் என்ற மிக மெல்லிய ஊசியைத் தோலோடு ஒட்டினாற்போல் சாய்த்து ஏற்றுவார்கள். மருந்து போன அந்த நொடியில் ஊதாக் கோடு கிளையோடு வெளுத்து மறைவதைக் கண்ணால் பார்க்கலாம். போய்விட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம், சில நிமிடங்களில் அதே இடம் சிவந்து, எறும்பு கடித்த மாதிரி தடிக்கும். முதல் இரண்டு வாரம் முன்பைவிட மோசமாகத்தான் இருக்கும். சின்னக் கோடுகளுக்கு 3 முதல் 6 வாரம், கொஞ்சம் பெரியவற்றுக்கு 3, 4 மாதம் கழித்துத்தான் உண்மையான பலன் தெரியும். ஒரே சிட்டிங்கில் முடியாது, பலமுறை போக வேண்டியிருக்கும், இடைவெளி 4 முதல் 8 வாரம். ஆகவே கல்யாணத்துக்காகச் செய்கிறீர்கள் என்றால் ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். அடுத்த மாதம் முகூர்த்தம் என்றால் வேண்டாம், ஆரஞ்சு நிறக் கரெக்டர் தடவி அதன்மேல் தண்ணீருக்குக் கரையாத கன்சீலர் போட்டால் அன்றைய நாளுக்குப் போதும்.

கறை எங்கிருந்து வருகிறது? மூடிய குழாயிலிருந்து கசியும் ரத்தத்தின் இரும்புச்சத்து தோலில் தங்கிவிடுவதால் வருகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் அல்ல, இரும்பு. அதனால் வெளுப்பாக்கும் கிரீம்களை வாங்கித் தேய்ப்பது வெறும் செலவு. பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் தானே மங்கும், சிலருக்கு அதற்கு மேலும் நிற்கும். இதைக் குறைக்க வழி இருக்கிறது. ஒன்று, மருந்தின் வீரியம்: நூல் போன்ற கோடுகளுக்கு பாலிடோகனால் 0.25 முதல் 0.5 சதவீதமே போதும். வீரியத்தைக் கூட்டினால் சீக்கிரம் போகும் என்பது தவறு, குழாய் தேவைக்கு மேல் புண்ணாகிக் கறைதான் கூடும். இரண்டாவது, கோடுகளுக்கு ரத்தம் ஊட்டும் ரெட்டிகுலர் வெயின் பக்கத்தில் இருந்தால் அதை முதலில் மூட வேண்டும். மூன்றாவதைப் பலர் சொல்வதே இல்லை. ஊசி போட்ட இடத்தில் இரண்டு, மூன்று வாரத்தில் கறுப்பாக, தொட்டால் வலிக்கும் கட்டி மாதிரி தெரிந்தால் உள்ளே ரத்தம் சிக்கி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். தானாகப் போகட்டும் என்று விடாமல் டாக்டரிடம் திரும்பிப் போங்கள். ஊசி முனையால் ஒரு குத்து குத்தி, அழுத்தி, கருஞ்சிவப்பாக அந்த ரத்தத்தை வெளியேற்றிவிடுவார்கள். வலியும் குறையும், கறையும் குறையும்.

லேசர் எப்போது? குழாய் ஊசியே நுழையாத அளவுக்கு மெல்லியதாக இருந்தால், மருந்து ஒவ்வாமை இருந்தால், ஊசிக்குப் பிறகு அந்த இடத்தில் புதிதாகச் செந்நிற வலை கிளம்பியிருந்தால் லேசரை யோசிக்கலாம். நம் நிறத்துக்கு ஏற்றது 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர். அதன் ஒளி மெலனினில் குறைவாகச் சிக்கி ஆழமாகப் போகிறது. 532 நானோமீட்டர் லேசரும், ஐபிஎல் என்ற பளிச்சொளிக் கருவியும் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் ஆபத்தானவை, ரத்தக்குழாய்க்குப் போக வேண்டிய வெப்பத்தைத் தோலின் நிறமே பிடித்துக்கொண்டு சுட்டுவிடும். எந்தக் கருவி, எந்த அலைநீளம் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். பதில் தெளிவாக வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். முதலில் ஓர் ஓரத்தில் சின்ன இடத்தில் சோதித்துப் பார்த்து, சில வாரம் காத்திருந்து, கறை விழவில்லை என்று உறுதியான பிறகே மீதியைச் செய்யச் சொல்லுங்கள். முடி நீக்கும் மெஷினை வைத்துக்கொண்டு இதையும் செய்கிறோம் என்று சொல்லும் பார்லர் பக்கம் தயவுசெய்து போகவே வேண்டாம். தோல் மருத்துவரோ ரத்தக்குழாய் அறுவை நிபுணரோதான் இதைத் தொட வேண்டும்.

கிரீம், ஆப்பிள் சிடர் வினிகர் எல்லாம் தோலுக்கடியில் விரிந்துவிட்ட குழாயை மூடாது.

கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும்போதும் எதுவும் வேண்டாம். கர்ப்பத்தில் வந்த கோடுகளில் பல பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் தானே மங்கிவிடும். முன்பு காலில் ரத்தக்கட்டு வந்திருந்தால், கருத்தடை மாத்திரையோ ஹார்மோனோ எடுத்துக்கொண்டிருந்தால், ஒற்றைத் தலைவலியோ இதயத்தில் ஓட்டையோ இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மருந்தை நுரையாக்கிப் போடுவதாக இருந்தால் கடைசி இரண்டும் ரொம்ப முக்கியம். முகப்பருவுக்கு மினோசைக்ளின் சாப்பிடுகிறவர்களும் சொல்ல வேண்டும், அதுவும் கறையைக் கூட்டக்கூடியது.

ஊசி முடிந்ததும் உடனே எழுந்து அரை மணி நேரமாவது நடக்க வேண்டும். அன்றைக்கே வேலைக்குப் போகலாம். ஆனால் இரண்டு வாரத்துக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர்க் குளியல் கிடையாது, கால் பிடித்துவிடச் சொல்வதும் கிடையாது, ஜிம்மில் கனம் தூக்குவதும், ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து ஊருக்குப் போவதும் தள்ளிவைக்க வேண்டியவை. வெயில் காலில் படக்கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு திணறினாலோ நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி போட்ட இடம் வெளுத்துப் பிறகு கறுத்துப் புண்ணாவது தெரிந்தால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

பணம்: அழகுக்காகச் செய்வதற்குப் பொதுவாக இன்ஷூரன்ஸ் கிடைக்காது. ஒரு சிட்டிங் எவ்வளவு, மொத்தம் எத்தனை ஆகலாம், ஊசிக்குப் பிறகு காலை இறுக்கிப் பிடிக்கப் போடும் ஸ்டாக்கிங்ஸ் அதில் சேர்த்தியா என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். மூடிய குழாய் பெரும்பாலும் திரும்ப வராது, ஆனால் பரம்பரையாக வரும் உடம்புவாகை எந்த ஊசியும் மாற்றாது, சில வருடத்தில் வேறு இடத்தில் புதிது வரும். முதல் நாளும் பிறகும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பழையது போயிருக்கிறதா, இது புதிதா என்று பின்னால் தெரியும்.

அந்த ஸ்டாக்கிங்ஸ் விஷயத்தில் மட்டும் சமாளிக்கப் பார்க்காதீர்கள். 20 முதல் 30 mmHg (பாதரச மில்லிமீட்டர்) அழுத்தம் உள்ளதை ஒன்றிலிருந்து மூன்று வாரம் பகலில் போடச் சொல்வார்கள். காலை எழுந்ததும், கால் வீங்குவதற்கு முன்னால் கணுக்காலிலும் கெண்டையிலும் அளவெடுத்து வாங்குங்கள், குத்துமதிப்பாக எம் சைஸ் என்று வாங்கினால் ஒன்று நழுவும், இல்லை முழங்காலுக்குப் பின்னால் சுருண்டு இறுக்கும். சித்திரை வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்பது யாராலும் முடியாத காரியம், பாதியில் கழற்றி எறிந்துவிடுவீர்கள். அவசரம் இல்லையென்றால் மார்கழி, தை மாதமாகப் பார்த்து நாள் வாங்குங்கள்.