குரோமில் நன்றாக வருகிறதே, அப்புறம் என்ன?

சைட்டை குரோம், எட்ஜ், ஓப்பரா, பிரேவ் என்று நான்கு பிரவுசர்களில் திறந்து பார்த்துவிட்டு "எல்லாவற்றிலும் ஓடுகிறது" என்று சொல்பவர்கள் உண்மையில் சோதித்தது ஒரே ஒரு என்ஜினைத்தான், அதாவது பக்கத்தை வரைந்து காட்டும் உள் பகுதியைத்தான். நான்குமே பிளிங்க் (எட்ஜ் 2020இல் இதற்கு மாறியது). சஃபாரியின் வெப்கிட்டும் ஃபயர்பாக்ஸின் கெக்கோவும் அப்படியே விடுபட்டுப் போயின. ஐபோனில் ஆப்பிள் நெடுங்காலம் வெப்கிட்டை மட்டுமே அனுமதித்தது, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024இல் தளர்த்தினார்கள், அதனால் பொதுவாக அந்த போனில் இருக்கும் குரோமும் உள்ளே சஃபாரியின் வெப்கிட்தான்.

எனக்கு எரிச்சல் தருவது, யூசர் ஏஜென்ட் வரியை (பிரவுசர் தன்னைப் பற்றி சைட்டுக்கு அனுப்பும் அறிமுக வரி) படித்து "இது சஃபாரி, இப்படிச் செய்" என்று புரோகிராம் எழுதும் பழக்கம். குரோம் அனுப்பும் வரியைப் பாருங்கள்: மொசில்லா, ஆப்பிள்வெப்கிட், கெக்கோ, சஃபாரி எல்லார் பெயரும் அதில் இருக்கும். பெயர் பார்த்து வாசலில் நிறுத்திய பழைய சைட்டுகளைத் தாண்ட பிரவுசர்கள் ஆளாளுக்கு வேஷம் போட்டதன் மிச்சம் அது. 2019இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல் ஐபேடின் சஃபாரி பெரும்பாலும் தன்னை மேக் என்றே சொல்லிக்கொள்கிறது, ஆகவே "மேக் என்றால் மவுஸ் இருக்கும்" என்ற கணக்கும் போச்சு. பெயரைக் கேட்காமல், வேண்டிய வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் அதற்கென்றே சப்போர்ட்ஸ் (@supports) விதி இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்டில் அந்த ஃபங்ஷன் இருக்கிறதா என்று ஒரு இஃப் (if) போட்டால் போதும்.

பேபல் (புதிய ஜாவாஸ்கிரிப்டைப் பழையதாக மாற்றும் கருவி) போட்டுவிட்டோம், பழைய பிரவுசர் பிரச்சினை தீர்ந்தது என்பதும் பாதி உண்மைதான். அது புதிய சின்டாக்ஸை, அதாவது எழுதும் முறையை மாற்றித் தரும், பிரவுசரில் இல்லாத புதிய மெத்தடுக்கு அதே வேலையைச் செய்யும் பாலிஃபில் என்ற துணுக்கைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

ஓஎஸ் தரும் தொல்லைகள் வேறு ரகம். விண்டோஸிலும் மேக்கிலும் சாதாரணமாக ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பேதம் கிடையாது, லினக்ஸ் சர்வரில் உண்டு, அதனால்தான் உங்கள் கணினியில் தெரிந்த படம் சர்வரில் ஏற்றியதும் காணாமல் போகிறது. மேக்கில் ஸ்க்ரோல்பார் பெரும்பாலும் பக்கத்தின் மேலேயே மிதக்கும், விண்டோஸில் இடம் பிடிக்கும், அகலத்தை 100விடபிள்யூ (100vw, ஸ்க்ரோல்பாரையும் சேர்த்த முழு அகலம்) என்று வைத்தால் அங்கே குறுக்கே ஸ்க்ரோல் முளைக்கும். மொபைலில் உயரத்துக்கு 100விஹெச் (100vh, முழுத் திரை உயரம்) வைத்தால் அட்ரஸ் பார் தெரியும்போது கீழே இருக்கும் பட்டன் மறையும். இப்போது அட்ரஸ் பாருக்கு ஏற்ப மாறும் டிவிஹெச் (dvh) இருக்கிறது, அதைப் போடுங்கள்.

குரோமின் டெவ்டூல்ஸில் (உள்ளேயே இருக்கும் சோதனைக் கருவிகள்) ஐபோனைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பதும் சோதனை ஆகாது, திரை அளவு, டச், யூசர் ஏஜென்ட் போன்றவைதான் மாறும், என்ஜின் அதே பிளிங்க். விண்டோஸுக்கான சஃபாரி 2012லேயே நின்றுவிட்டது. பிரவுசர்களைத் தானாக ஓட்டிச் சோதிக்கும் கருவியான பிளேரைட் தரும் வெப்கிட் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், லேஅவுட் பிசகுகளில் நிறைய அதிலேயே சிக்கும், கீபோர்டு எழும்பும்போது பக்கம் என்ன ஆகிறது என்பதற்கு மட்டும் யாரிடமாவது நிஜ ஐபோன் ஒன்றைக் கேட்டு வாங்கித்தான் ஆக வேண்டும்.