அடுத்த ஆள் காரைக்குடியிலா, கோலாலம்பூரிலா?

காரைக்குடியிலிருந்து ஆத்தங்குடிக் கல்லையோ கண்டாங்கிச் சேலையையோ மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பும் தொழில் வளரும்போது, அடுத்த ஆளை இங்கே எடுப்பதா அங்கே எடுப்பதா என்பதைச் சம்பளத்தை மட்டும் ஒப்பிட்டு முடிவு செய்யக் கூடாது. சரக்கைத் தொட்டுப் பார்த்துத் தரம் பிரிப்பதற்கும் கணக்கெழுதுவதற்கும் உள்ளூர் ஆளே பொருத்தம். அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கும் ஊரில் கணக்கருக்கு அயலூரில் தேட வேண்டியதில்லை. கடைகளுக்கு நேரில் செல்லவும் நிலுவையை வசூலிக்கவும் அங்கே வசிப்பவர் வேண்டும் (நகரத்தார் அன்று பர்மாவிலும் மலேயாவிலும் முகவர்களை வைத்திருந்ததும் இத்தகைய தேவைக்காகத்தான்). வெறும் தொலைபேசித் தொடர்புக்கு, நேர வேறுபாடு இரண்டரை மணியே என்பதால், இங்குள்ளவரே போதும் என்பது என் கருத்து.

அந்நாட்டவரை ஊழியராக எடுத்தால் முதலாளி செலுத்த வேண்டிய சேமநிதிப் பங்கையும், இங்கே எண்ணிக்கை 20 பேரைத் தொட்டதும் பொதுவாகக் கட்டாயமாகும் வருங்கால வைப்பு நிதியையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். பலரும் கவனிக்காதது வேறொன்று: அங்குள்ளவர் உங்கள் பெயரில் வழக்கமாக ஒப்பந்தங்களை முடிக்கத் தொடங்கினால், அந்நாட்டு வருமான வரி வரம்புக்குள் உங்கள் தொழிலும் வந்துவிடக்கூடும். ஆகவே, அவருடைய அதிகாரம் எதுவரை என்பதை ஆடிட்டரிடம் காட்டி எழுத்தில் வரையறுத்த பின்னரே பணி ஆணையைக் கொடுங்கள்.