1954-ஆம் ஆண்டின் ஒரு பிரிட்டிஷ் வானொலி நாளை மதுரை வீட்டில் கேட்பது எப்படி

பழைய பி.பி.சி. வானொலியைக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் பேர்பெற்ற நகைச்சுவைத் தொடர் ஒன்றைத் தேடியெடுத்து, இரண்டு பகுதிகளைக் கேட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். முதல் முறை நானும் அப்படித்தான் செய்தேன். அரைமணி நேரத் தொடர்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டதில், மதியச் சாப்பாட்டுக்குள் வீட்டில் அனைவருக்கும் சலித்துவிட்டது. அந்த நிகழ்ச்சிகள் தனித்தனியே கேட்பதற்காக அமைக்கப்பட்டவை அல்ல. சமையற்கட்டு வேலை, ஆலை வேலை, குழந்தையின் பகல் தூக்கம், இரவுச் சாப்பாடு என்று ஒரு வீட்டின் நாள் நகர்கிற போக்கை ஒட்டியே அவை அடுக்கப்பட்டிருந்தன. ஆகவே ஒரு நாளை எடுத்துக்கொண்டு, காலை முதல் இரவு வரை அதே வரிசையில் கேட்க வேண்டும்.

அந்தக் காலத்தில் உள்நாட்டு ஒலிபரப்புக்கு மூன்று அலைவரிசைகள் இருந்தன. 1939 செப்டம்பரில் போரை ஒட்டித் தொடங்கிய ஹோம் சர்வீஸ் செய்தி, உரை, நாடகம் ஆகியவற்றைத் தந்தது. 1945 ஜூலையில் வந்த லைட் புரோகிராம் பாட்டும் பொழுதுபோக்கும் தந்தது. 1946 செப்டம்பரில் வந்த தேர்டு புரோகிராம் மாலையில் மட்டும் ஒலித்து, செவ்வியல் இசையையும் கனமான இலக்கியத்தையும் ஏந்தியது. ஹோம் சர்வீஸுக்கு வட்டார வேறுபாடுகள் உண்டென்பதால், லண்டன் நிரலையே கடைசிவரை பின்பற்றுவது குழப்பத்தைத் தவிர்க்கும்.

நாளைத் தேர்ந்தெடுக்க, 'ரேடியோ டைம்ஸ்' இதழின் பழைய நிரல்களை பி.பி.சி. தொகுத்து வைத்திருக்கும் 'ஜீனோம்' தளத்துக்குச் செல்லுங்கள். 1923 முதலான நிரல்கள் அங்கே நாள்வாரியாகக் கிடைக்கும். அவை முன்கூட்டி அச்சிடப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது. 1952 பிப்ரவரி 6 அன்று மன்னர் ஆறாம் ஜார்ஜ் மறைந்தபோது வழக்கமான நிகழ்ச்சிகள் நிறுத்தப்பட்டன; அச்சிட்ட நிரலோ மாறாமல் அப்படியே இருக்கிறது. அத்தகைய நாட்களை ஒதுக்கிவிட்டு ஒரு சாதாரண வாரநாளை எடுங்கள். நான் பரிந்துரைப்பது 1954 ஜனவரி 25, திங்கட்கிழமை. பகலெல்லாம் வழக்கமான நிகழ்ச்சிகளே. இரவில் மட்டும் ஓர் அரிய பொருள் காத்திருக்கிறது.

அடுத்தது நேரக் கணக்கு. லண்டன் நேரத்தோடு ஐந்தரை மணியைக் கூட்டிக் கேட்பதே சரி என்று தோன்றும், அப்படிச் செய்யாதீர்கள். கூட்டினால், பகல் தூக்கத்துக்கு முன் குழந்தைகள் கேட்க வேண்டிய கதை இரவு ஏழேகாலுக்கு வந்து விழும், நாள் முழுதும் நிலைகுலைந்துவிடும். அங்கே காலை ஒன்பது என்றால் இங்கேயும் காலை ஒன்பது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலிபெருக்கி ஒன்று போதும். இரண்டு பக்கமும் பிரிந்து ஒலிக்கிற அமைப்பு வேண்டாம். அதை வீட்டுக் கூடமான பட்டாசாலையில் ஓரிடத்தில் நிலையாக வைத்துவிட்டு, சமையற்கட்டிலிருந்தும் திண்ணையிலிருந்தும் காதில் விழுகிறபடி கேளுங்கள். மணி அறிவிப்புக்கு 1924 முதல் ஒலித்துவரும் ஆறு 'பிப்' ஒலிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் இன்று கிடைக்கும் பதிவுகளில் ஆறாவது ஒலி நீண்டிருக்கும். அந்த நீட்சி 1970-களின் தொடக்கத்தில் வந்தது. 1954-இல் ஆறும் ஒரே அளவுதான். ஆகவே கடைசி ஒலியை வெட்டிக் குறுக்கிச் சேர்க்க வேண்டும்.

காலை 9.10-க்கு லைட் புரோகிராமில் 'ஹவுஸ்வைவ்ஸ் சாய்ஸ்'. இல்லத்தரசிகள் அஞ்சலட்டையில் எழுதிக் கேட்ட பாடல்கள் வரும். திருச்சி வானொலியும் இலங்கை வானொலியும் கேட்டு வளர்ந்த எங்கள் அப்பத்தா, சொல் ஒன்றும் புரியாமலே, "இது நேயர் விருப்பம்ல" என்று கண்டுகொண்டார். பத்தரை மணிக்கு 'மியூசிக் வைல் யூ வொர்க்'. போர்க்காலமான 1940 ஜூனில் ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய இந்த அரைமணி நேர இசைக்குக் கறாரான விதிகள் இருந்தன. இசை இடைவிடாமல் ஓட வேண்டும், மிக மெதுவான மெட்டுகள் கூடாது, கைதட்டுத் தாளம் வரும் பாட்டும் கூடாது. அந்தத் தாளத்துக்குத் தொழிலாளர்கள் கையிலுள்ள கருவியால் மேசையைத் தட்டத் தொடங்கிவிடுவார்கள் என்பதே காரணம். இதைச் செல்லூரில் தெரிந்தவரின் தறிக்கூடத்தில் ஒருநாள் ஒலிக்கவிட்டேன். தறிச் சத்தத்தில் குழலோசையின் நுணுக்கமெல்லாம் மறைந்தது. மெட்டின் மேற்பகுதி மட்டும் தெளிவாக மிதந்து வந்தது. அந்த விதிகள் எதற்காக என்பது அங்கேதான் எனக்கு முழுதாக விளங்கியது. முடிந்தால் நீங்களும் இயந்திரம் ஓடுமிடத்தில் கேட்டுப்பாருங்கள். மிக்ஸி ஓடும் சமையற்கட்டும் போதும்.

பிற்பகல் 1.45-க்கு ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கான 'லிஸன் வித் மதர்', கால்மணி நேரம். வசதியாக உட்கார்ந்தாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் கதையைத் தொடங்குவார்கள். அது முடிந்ததும் இரண்டு மணிக்குத் தாய்மாருக்கான 'வுமன்ஸ் அவர்'. பிள்ளை தூங்கப் போகிற நேரத்துக்கும் தாய்க்கு ஓய்வு கிடைக்கிற நேரத்துக்கும் இடையே ஒரு நிமிடம்கூட வீணாகாதபடி அமைத்திருப்பதைக் கவனியுங்கள்.

மாலை 6.45-க்கு 'தி ஆர்ச்சர்ஸ்'. 1951 ஜனவரி முதல் நாளில் நாடெங்கும் ஒலிக்கத் தொடங்கிய இந்தக் கிராமத்துத் தொடர், போருக்குப் பின் உணவுத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில் உழவர்களுக்குப் புதிய முறைகளைக் கதையினூடே சொல்லித் தருவதற்காக உருவானது. வானொலி வழியே உழவர்களிடம் பரவிய ஏ.டி.டி. 27 நெல்லை 'ரேடியோ நெல்' என்று அழைத்த தமிழ்நாட்டாருக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

அன்றாட ஒலிபரப்பில் பெரும்பகுதி நேரலையில் போனதால் பதிவே இல்லை. அந்த இடங்களில் வேறு நாளின் பகுதியைக் கொண்டு நிரப்பாமல், நிரலிலுள்ள வரிகளை ஒருவர் உரக்கப் படிக்கட்டும். பிறகு அடுத்த நிகழ்ச்சி வரை ஒலிபெருக்கி சும்மா இருக்கட்டும்.

இரவில் தேர்டு புரோகிராமுக்கு மாறுங்கள். அன்றுதான் வேல்ஸ் கவிஞர் டிலன் தாமஸின் 'அண்டர் மில்க் வுட்' முதன்முதலாக ஒலிபரப்பானது. டக்ளஸ் கிளெவர்டன் தயாரிக்க, நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன் கதைசொல்லியான முதற்குரலாகப் பேசினார். தாமஸ் அதைக் கேட்கவில்லை; 1953 நவம்பர் 9 அன்றே நியூயார்க்கில் இறந்துவிட்டார். இந்தப் பதிவு நல்லவேளையாகப் பிழைத்திருக்கிறது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடும் அந்தக் குரல் நாடகமும் வேல்ஸ் நாட்டுக் கடலோர ஊர் ஒன்றின் ஒரே நாளைத்தான், விடியலுக்கு முந்தைய இருளிலிருந்து மீண்டும் இருள் கவியும் வரை, சொல்கிறது. விளக்கை அணைத்துவிட்டு, காலையிலிருந்து உடன் கேட்டவர்களோடு உட்கார்ந்து அதைக் கேளுங்கள்.