என்எஃப்எல் டெய்லி ஃபேன்டஸி: சிமுலேஷன் வெச்சு லைனப் போடறது எப்படி?

என்எஃப்எல்ங்கற அமெரிக்க ஃபுட்பால் லீக்ல இருக்கற நிஜ பிளேயருங்களை வெச்சு ஒரு கற்பனை டீம் (லைனப்) போட்டு, அவங்க மேட்ச்ல ஆடறதுக்கு வர்ற பாயின்ட்டை வெச்சு மத்தவங்களோட போட்டி போடறதுதான் டெய்லி ஃபேன்டஸி. போன சீசன் பாதி வரைக்கும் நான் ஆப்டிமைசர்ல (லைனப்பை தானா தேர்ந்தெடுக்கற டூல்) பட்டனை அமுக்கி, எந்த லைனப்புக்கு ப்ரொஜெக்ஷன் (யார் எத்தனை பாயின்ட் எடுப்பாங்கங்கற கணிப்பு) கூட்டுத்தொகை அதிகமா வருதோ அதையே போட்டுட்டு இருந்தேன். வாராவாரம் சுமாரா ஒரு ஸ்கோர் வரும், பெரிய டோர்னமென்ட்ல நடுவுல எங்கயோ போய் நிக்கும். அப்புறம்தான் சிமுலேஷனுக்கு, அதாவது ரேண்டம் நம்பர் வெச்சு மேட்ச்களை ஆயிரக்கணக்கான தடவை ஓட்டிப் பாக்கறதுக்கு மாறினேன், அதுலயும் ஒரு தப்பை வெச்சுக்கிட்டே மூணு வாரம் ஓட்டிட்டேன். அந்த தப்பு எதுன்னு மூணாவது ஸ்டெப்ல விவரமா சொல்றேன், மத்ததெல்லாம் கொஞ்சம் வேகமா போயிடலாம்.

நான் சொல்றது எல்லாம் ட்ராஃப்ட்கிங்ஸ்ங்கற ஃபேன்டஸி சைட்டோட ஞாயித்துக்கிழமை மெயின் ஸ்லேட்டுக்கு (அன்னைக்கு மதிய மேட்ச்களை சேர்த்து நடத்தற போட்டி). 50,000 டாலர் சேலரி (ஒவ்வொரு பிளேயருக்கும் ஒரு விலை, மொத்தம் இதைத் தாண்டக்கூடாது, நிஜக் காசு இல்ல), லைனப்ல ஒன்பது இடம், கேட்சுக்கு முழு ஒரு பாயின்ட். சியாட்டில் பக்கம் இருக்கறவங்க கவனிங்க, வாஷிங்டன் ஸ்டேட்ல காசு கட்டி இதை ஆட முடியாது.

ஸ்டெப் 1: கான்டெஸ்ட் பக்கத்துல இருந்து சேலரி ஃபைலை டவுன்லோட் பண்ணி, உங்க ப்ரொஜெக்ஷன் ஃபைலோட பேர் வெச்சு சேருங்க. இங்க ஒரு சிக்கல் இருக்கு. ஒரு ஃபைல்ல மார்வின் ஹாரிசன் ஜூனியர்னு இருக்கும், இன்னொண்ணுல ஜூனியர் இருக்காது. அவ்ளோதான், அந்த ஆள் பூஜ்யம் ஆயிடுவார், எந்த எரரும் வராது. சேர்த்து முடிச்சதும் சேலரி 5,000க்கு மேல இருந்து ப்ரொஜெக்ஷன் காலியா இருக்கறவங்களை மட்டும் ஃபில்டர் போட்டு ஒரு தடவை கண்ணால பாத்துடுங்க.

ஸ்டெப் 2: ஒவ்வொரு பிளேயருக்கும் ரெண்டு நம்பர் வேணும், சராசரியும் ஏற்ற இறக்கமும் (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்). சராசரிக்கு நான் வேகஸ் லைன்ல (பந்தய கம்பெனிங்க போடற கணிப்பு) இருந்துதான் ஆரம்பிப்பேன். டோட்டல் (ரெண்டு டீமும் சேர்ந்து எடுக்கற பாயின்ட்) 48, ஸ்ப்ரெட் (ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம்) 4ன்னா ஒரு டீமுக்கு 26, இன்னொண்ணுக்கு 22. ஏற்ற இறக்கத்தை எல்லாருக்கும் ஒரே மாதிரி போடாதீங்க. அடிக்கடி சின்ன பாஸ் வாங்கற ஸ்லாட் ரிசீவரும், நாலு தடவை மட்டும் நீளமா ஓடி பந்து பிடிக்கறவரும் சராசரியில ஒண்ணா இருக்கலாம், ஆனா ரெண்டாவது ஆள் ஒரு வாரம் 3 எடுப்பார், ஒரு வாரம் 28 எடுப்பார்.

ஸ்டெப் 3: இதுதான் நான் மாட்டின இடம். ஒவ்வொரு பிளேயருக்கும் தனித்தனியா ரேண்டம் நம்பர் எடுத்து 10,000 தடவை ஓட்டிட்டு, சிமுலேஷன் முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டேன். ஆனா ஃபுட்பால்ல பாயின்ட் தனித்தனியா வர்றதில்லையே. 30 யார்ட் டச்டவுன் பாஸ் ஒண்ணை எடுத்துக்கோங்க. எறிஞ்ச குவார்ட்டர்பேக்குக்கு 30 யார்டுக்கு 1.2, டச்டவுனுக்கு 4, மொத்தம் 5.2. பிடிச்ச ரிசீவருக்கு கேட்சுக்கு 1, 30 யார்டுக்கு 3, டச்டவுனுக்கு 6, மொத்தம் 10. ஒரே பந்துல 15.2 பாயின்ட் உங்க லைனப்புக்குள்ள வருது.

கணக்குல பாருங்க. குவார்ட்டர்பேக் சராசரி 20, ஏற்ற இறக்கம் 7. ரிசீவர் சராசரி 16, ஏற்ற இறக்கம் 8. தனித்தனியா ஓட்டினா ஜோடியோட சராசரி 36, ஏற்ற இறக்கம் 10.6. ரெண்டு பேருக்கும் நடுவுல 0.5 தொடர்பு (கோரிலேஷன், ரெண்டு பேரும் எவ்ளோ சேர்ந்து ஏறி இறங்கறாங்கங்கற அளவு) இருக்குன்னு சொன்னீங்கன்னா சராசரி அதே 36தான், ஆனா ஏற்ற இறக்கம் 13 ஆயிடும். ஜோடி 55 பாயின்ட் தாண்டற வாய்ப்பு கிட்டத்தட்ட 4 சதவீதத்துல இருந்து 7க்கு போயிடுது. டோர்னமென்ட்ல முதல் பரிசு அந்த 7லதான் இருக்கு, என் பழைய சிமுலேஷனுக்கு அது கண்ணுலயே படல.

2024 நவம்பர்ல பெங்கால்ஸ் ரேவன்ஸ்கிட்ட 35-34ன்னு தோத்த மேட்ச் ஞாபகம் இருக்கா? வியாழக்கிழமை மேட்ச்ங்கறதால மெயின் ஸ்லேட்ல வராது, ஆனா பாடம் அதுலதான் இருக்கு. ஜமார் சேஸ் 11 கேட்ச், 264 யார்ட், 3 டச்டவுன், போனஸோட 58.4. ஜோ பரோ 428 யார்ட், 4 டச்டவுன், பாஸிங்ல மட்டும் சுமார் 36. எதிர்ப்பக்கம் லமார் ஜாக்சனும் 4 டச்டவுன் எறிஞ்சார். ஒருத்தர் அடிக்க அடிக்க இன்னொருத்தர் திருப்பி அடிச்சே ஆகணும், அதனாலதான் ஸ்டாக் (குவார்ட்டர்பேக்கும் அவர் டீம் ரிசீவரும் சேர்ந்த ஜோடி) போடும்போது எதிர் டீம்ல ஒருத்தரையும் சேக்கணும்னு சொல்றாங்க.

நான் வெச்சிருக்கற தொடர்பு நம்பர்: குவார்ட்டர்பேக்கும் முதல் ரிசீவரும் 0.5, டைட் எண்ட் (பந்தும் பிடிச்சு, எதிராளியையும் தடுக்கற ஆள்) 0.35, எதிர் குவார்ட்டர்பேக் 0.2, எதிர் டிஃபென்ஸ் மைனஸ் 0.4. இதையெல்லாம் பிளேயருக்கு பிளேயர் ஒரு மேட்ரிக்ஸா (அட்டவணையா) அடுக்கி, அதை வெச்சு எல்லாருக்கும் சேர்த்தே ரேண்டம் நம்பர் எடுக்கணும். டூல் விஷயத்துல பைத்தானும் அதோட கணக்கு லைப்ரரி நம்பையும் (NumPy) இதுக்குப் போதும். எக்செல்லோட கூடவே வர்ற சால்வர் (பெஸ்ட் விடையைத் தேடற டூல்) 200 வேரியபிளுக்கு மேல எடுக்காது, மெயின் ஸ்லேட்ல அதைவிட அதிகம் பேர் இருப்பாங்க, அதனால அதுல நேரத்தை விடாதீங்க.

அப்டேட்: மேட்ரிக்ஸ் பாசிட்டிவ் டெஃபினிட் இல்லன்னு எரர் வருதுன்னு கமென்ட்ல மூணு பேர் கேட்டிருக்கீங்க. கையால போட்ட நம்பருங்க ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாம இருந்தா அப்படி வரும். மைனஸ்ல இருக்கற ஐகன்வேல்யூவை (மேட்ரிக்ஸ்ல இருந்து நம்பை கணக்குப் போட்டுத் தர்ற நம்பருங்க) எல்லாம் 0.0001 ஆக்கி மேட்ரிக்ஸை திரும்பக் கட்டுங்க, அப்புறம் மூலைவிட்டத்தை மறக்காம 1க்கு கொண்டு வந்துடுங்க. ஸ்லேட் முழுக்க ஒரே மேட்ரிக்ஸா போடாம மேட்ச் மேட்சா பிரிச்சா இந்தத் தொல்லை பாதி குறையும்.

ஸ்டெப் 4: முதல்ல 1,000 சிமுலேஷன்ல ஒவ்வொண்ணுக்கும் பல்ப் (PuLP, பெஸ்ட் விடையைத் தேடற பைத்தான் லைப்ரரி) வெச்சு பெஸ்ட் லைனப் எடுங்க. அதுதான் உங்க கேண்டிடேட் லிஸ்ட். அப்புறம் புதுசா 10,000 ஓட்டி அந்த லைனப்புகளை அதுல மார்க் போடுங்க. பழைய 1,000லயே மார்க் போடாதீங்க, கேள்வித்தாளைப் பாத்துட்டு பரீட்சை எழுதின மாதிரி எல்லாமே சூப்பரா தெரியும். எத்தனை தடவை டாப் 1 சதவீதத்துக்குள்ள வருதுன்னு பாத்து வரிசைப்படுத்துங்க, சராசரியை வெச்சு வேண்டாம். எல்லாரும் எடுக்கப்போற ஆளுங்க நாலஞ்சு பேர் ஒரே லைனப்ல இருந்தா நான் அதைக் கீழ தள்ளிடுவேன், ஜெயிச்சாலும் பரிசை நூறு பேரோட பங்கு போடணும்.

ஸ்டெப் 5: சனிக்கிழமை ராத்திரி முடிச்சிட்டு தூங்கிடாதீங்க. கிக்காஃபுக்கு (மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு) 90 நிமிஷம் முன்னாடி இன்ஆக்டிவ் லிஸ்ட் (அன்னைக்கு ஆடாதவங்க பேர்) வரும், அதாவது ஒரு மணி மேட்சுக்கு ஈஸ்டர்ன் டைம் பதினொன்றரைக்கு. ஆடாதவரை பூஜ்யம் ஆக்கினா மட்டும் போதாது, அவருக்குப் போக வேண்டிய பந்து யாருக்குப் போகும்னு சராசரியையும் மாத்திட்டு மூணாவது ஸ்டெப்ல இருந்து திரும்ப ஓட்டுங்க. அப்லோட் பண்றதுக்கு முன்னாடி ஃப்ளெக்ஸ் இடத்துல நாலு மணி மேட்ச் ஆள் இருக்காரான்னு பாருங்க, சாயங்காலம் யாராவது ஆடாம உட்கார்ந்துட்டா அந்த இடத்துலதான் ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட் யாரை வேணும்னாலும் மாத்திப் போடலாம்.