தூரம் செல்லும் ஒளியின் ஓரியல் தன்மையை ஆய்வுக்கூடத்தில் அளக்க

சோடியம் விளக்கின் அணுக்கள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி ஒளிர்கின்றன. ஆனாலும் அந்த ஒளி வெற்றிடத்தில் தூரம் செல்லச் செல்ல ஓரியல் தன்மை பெறுகிறது; அதாவது வெவ்வேறு புள்ளிகளில் அலையின் கட்டங்கள் (ஏற்ற இறக்க நிலைகள்) ஒன்றுக்கொன்று நிலையான தொடர்போடு அமைகின்றன. கல்லூரி ஆய்வுக்கூடக் கருவிகளாலேயே இதை அளந்துவிடலாம்.

விளக்கின் முன் தேய்த்த கண்ணாடி, அதை ஒட்டி அகலம் மாற்றக்கூடிய ஒற்றைப் பிளவு, அங்கிருந்து 30 செ.மீ. தள்ளி 0.5 மி.மீ. இடைவெளியுள்ள இரட்டைப் பிளவு, இன்னும் 50 செ.மீ. தள்ளி மைக்ரோமீட்டர் கண்ணருகு வில்லை. தேய்த்த கண்ணாடியை விட்டுவிட்டால் பிளவில் விழும் ஒளியே ஓரளவு ஓரியலாக இருக்கும், கணக்கு பொருந்தாது.

ஒற்றைப் பிளவை 0.1 மி.மீ.க்குக் குறுக்கி, இரட்டைப் பிளவுக்கு இணையாகும்வரை மெல்லத் திருப்புங்கள். சற்றுச் சாய்ந்தாலும், இரு பிளவுகளின் ஒளி கலந்து உண்டாகும் ஒளி-இருள் பட்டைகள் மங்கும். பட்டை அகலம் ஏறத்தாழ 0.59 மி.மீ. வரவேண்டும்.

இப்போது பிளவை அகலப்படுத்துங்கள். சுமார் 0.35 மி.மீ.யில் பட்டைகள் மறையும்: அலைநீளம் 589 நா.மீ., அதை ஒற்றைப் பிளவிலிருந்துள்ள 30 செ.மீ. தூரத்தால் பெருக்கிப் பிளவு இடைவெளியால் வகுத்தால் கிடைக்கும் அகலம் இது. மேலும் அகலப்படுத்தினால் மங்கலான பட்டைகள் திரும்பவரும், ஆனால் நடுவில் இருட்டோடு. எனவே குறுகலிலிருந்தே தொடங்குங்கள். பட்டை மறைந்த அகலத்தை மாற்றாமல் இரட்டைப் பிளவையும் கண்ணருகு வில்லையையும் சேர்த்துப் பின்னால் நகர்த்தி, மூலமான ஒற்றைப் பிளவிலிருந்து இரட்டைப் பிளவுக்குள்ள தூரத்தை 60 செ.மீ. ஆக்குங்கள். பட்டைகள் மீண்டும் தெரியும். அவற்றின் தெளிவு (முழுத் தெளிவு 1, மறைந்தால் 0) சுமார் 0.64. மூலத்தை யாரும் தொடவில்லை, தூரம் மட்டுமே கூடியது. இந்தச் சோதனையின் உயிர் இங்கேதான்.

அடுத்து தளவிளைவு, அதாவது ஒளியின் அதிர்வு ஒரே திசையில் அமைவது. ஒரு திசை அதிர்வை மட்டும் விடும் போலராய்டு தாள் ஒன்றில் இரு துண்டுகள் வெட்டி, அச்சுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும்படி பிளவுக்கொன்றாக ஒட்டுங்கள். பட்டைகள் போய்விடும். ஓரியல் தன்மையும் போனதென்று முடிவுகட்ட வேண்டாம். கண்ணருகு வில்லைக்கு முன் 45° போலராய்டு வைத்தால் மட்டும் போதாது. சாதாரண ஒளியின் ஒன்றுக்கொன்று செங்குத்தான அதிர்வுக் கூறுகளுக்குள் நிலையான கட்டத் தொடர்பு இல்லை. இரட்டைப் பிளவுக்கு முன்னாலும் 45° ஒன்று வைத்தால்தான் பட்டைகள் வரும். பின்னாலுள்ளதை 90° திருப்பினால் வெளிச்சமும் இருளும் இடம் மாறும்.

மூலத்தில் இந்த இரு கூறுகளின் ஓரியல் அகலம் (ஓரியல் தன்மை நீடிக்கும் இடைவெளி) வேறுபட்டால், அகலம் குறைந்தது வேகமாக விரியும். கற்றை அச்சில் தளவிளைவின் அளவே தூரத்தோடு மாறும். இயற்பியலாளர் டேனியல் ஜேம்ஸ் 1994-இல் காட்டியது இது.

ஒட்டுமிடம் பிளவுகளின் நடுவில் விழுகிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். ஒரு பிளவை மட்டும் 0.6 மி.மீ. போலராய்டால் மூடாதீர்கள்: பாதை வேறுபாடு 0.3 மி.மீ.யாகி, சோடியம் ஒளியிலுள்ள 589.0, 589.6 நா.மீ. ஆகிய இரு அலைநீளங்களின் பட்டைகள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துவிடும்.