மங்கோலியாவில் கார்ப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மங்கோலியாவின் உள்பகுதியில் கார்ப் பயணம் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: அவசரம். அது வழியில் வருவதில்லை. வீட்டில் உட்கார்ந்து மேப்பைப் பார்த்துத் திட்டம் போடும்போதே வந்துவிடுகிறது. "300 கிலோமீட்டர்தானே, மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்" என்று ஒரு கணக்குப் போடுவோம். பொழுது சாய்ந்த பிறகு வண்டி ஓட்டுவது, ஆற்றில் தப்பான நேரத்தில் இறங்குவது, பெட்ரோல் பங்கைத் தாண்டிப் போய்விடுவது எல்லாம் அந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கின்றன.

நாட்டின் பரப்பு சுமார் 15.6 லட்சம் சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறக்குறைய 35 லட்சம். அதில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் தலைநகர் உலான்பாத்தரிலேயே இருக்கிறார்கள். அங்கிருந்து மேற்கே உள்ள கார்கோரின் ஊருக்குச் சுமார் 360 கிலோமீட்டர், தார் ரோடு. அதுவரை நம்மூர்க் கணக்கு செல்லும். தார் ரோட்டை விட்டு இறங்கிவிட்டால் இருப்பது தடங்கள்தான். ஒரே திசையில் பக்கம் பக்கமாகப் பத்துத் தடங்கள் ஓடும்; எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போகும், திடீரென்று ஒன்று மட்டும் வேறு பள்ளத்தாக்குக்குள் திரும்பிவிடும். மணிக்கு 30 கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். மழை பெய்துவிட்டால் அதிலும் பாதி. அதனால் தடத்தில் போகும் நாளுக்கு 150, மிஞ்சினால் 200 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் எந்தத் திட்டமும் இல்லாத ஒரு நாளையும் விட்டுவையுங்கள். அது வீணாகாது, மழையோ ரிப்பேரோ எடுத்துக்கொள்ளும்.

ஜூலையில் இரவு ஒன்பது மணி வாக்கில்தான் இருட்டும். அந்த வெளிச்சத்தை நம்பி மாலையில் இன்னொரு நூறு கிலோமீட்டர் போகலாம் என்று தோன்றும். வேண்டாம். இருட்டில் தடம் தெரியாது, மழைநீர் அறுத்த பள்ளம் தெரியாது, நடுவில் படுத்திருக்கும் மாடும் ஒட்டகமும் தெரியாது.

ஆறுகள்

அதிக வண்டிகள் மாட்டிக்கொள்வது ஆற்றில்தான். தார் ரோட்டை விட்டு விலகிய இடங்களில் பல ஆறுகளுக்குப் பாலம் கிடையாது. ஜூலை, ஆகஸ்டில்தான் மழையும் அதிகம், சுற்றுலாவும் அதிகம். மேற்கே அல்தாய் மலைப் பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு: பனிப்பாறை உருகி வரும் ஆறுகள் காலையில் அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏற நீர் கூடி மாலையில் சீறும். காலை எட்டு மணிக்கு முழங்காலளவு ஓடிய இடத்தில் மாலை ஐந்து மணிக்கு இறங்குவது வம்பு. அங்கே விடியற்காலையில் கிளம்புவதும், நேரம் தப்பிவிட்டால் கரையிலேயே கூடாரம் போட்டு விடிந்ததும் கடப்பதும்தான் வழக்கம்.

அனுபவமுள்ள டிரைவர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்தால் பாதிப் பாடம் புரிந்துவிடும். எடுத்தவுடன் வண்டியை இறக்க மாட்டார். இன்ஜினை அணைத்துவிட்டு, எதிர்க்கரையில் ஈரமான டயர் தடம் ஏறுகிறதா என்று முதலில் பார்ப்பார். அப்புறம் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, கையில் ஒரு கம்போடு, அந்தக் குளிர்ந்த தண்ணீரில் தானே நடந்து போவார். குறுகலான இடம் சுலபமாகத் தெரிந்தாலும் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டார், அங்கேதான் ஆழமும் இழுப்பும் அதிகம். ஆறு அகன்று, கூழாங்கல்மேல் சலசலத்து ஓடும் இடம்தான் அவருக்கு வேண்டும். காலால் நிற்க முடியாத இழுப்பு என்றால் திரும்பி வந்து டீ போடுவார். சரி என்று பட்டால், வண்டியைக் குறைந்த கியரில் போட்டு, நீரோட்டம் போகும் திசைக்குச் சற்றே சாய்வாக, நடுவில் கியர் மாற்றாமல், ஒரே சீராக ஓட்டுவார். பயணிகள் சீட் பெல்ட்டைக் கழற்றி, கண்ணாடியை இறக்கி வைத்திருக்க வேண்டும்.

நடுஆற்றில் இன்ஜின் நின்றுவிட்டால் உடனே சாவியைத் திருகுவதுதான் பெரிய தவறு. உள்ளே தண்ணீர் போயிருந்தால் ஒரே திருகலில் இன்ஜின் போய்விடும். இழுத்துக் கரையேற்றிய பிறகு ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள், நனைந்திருந்தால் ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம்.

வண்டியும் பெட்ரோலும்

மங்கோலியாவில் வலதுபக்கம் ஓட்ட வேண்டும். ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்கள் ஏராளம். அவற்றில் ஸ்டியரிங் நம்மூர் மாதிரியே வலப்பக்கம். பழகிய வண்டிதானே என்ற தைரியத்தில் முந்தப் போனால் எதிரே வருவது தெரியாது. பக்கத்து சீட்டில் இருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் முறை போகிறவர்கள் டிரைவரோடு வண்டியை எடுப்பதே நல்லது என்பது என் கருத்து. ஃபுர்கோன் என்று அங்கே அழைக்கப்படும் ரஷ்ய உவாஸ் வேனில் குலுங்கிக்கொண்டு போவது சுகமான அனுபவம் இல்லைதான். ஆனால் அது பழுதானால் நடுக்காட்டிலேயே பிரித்து மாட்டிவிடுவார்கள்.

சோம் எனப்படும் சிற்றூர்களில் பெட்ரோல் பங்க் இருக்கும். பெட்ரோல் இருக்குமா என்பது வேறு விஷயம். கரன்ட் இல்லாமல் இருக்கலாம், ஆள் வீட்டுக்குப் போயிருக்கலாம், தரம் குறைந்த 80 ஆக்டேன் பெட்ரோல் மட்டும் மிச்சமிருக்கலாம். அதனால் டேங்க் பாதியான பிறகு கண்ணில்படும் எந்தப் பங்கையும் தாண்டாதீர்கள். கேனிலும் கொஞ்சம் வைத்திருங்கள். 1922-இல் அமெரிக்க ஆய்வுப் பயணி ராய் சாப்மன் ஆண்ட்ரூஸின் குழு கார்களில் கோபி பாலைவனத்துக்குள் போனபோது, பெட்ரோலையும் உணவையும் ஒட்டகங்களில் ஏற்றி முன்கூட்டியே அனுப்பிவைத்தார்கள். மறு ஆண்டு கோபியிலுள்ள பயன்ஸாக் என்ற இடத்தின் சிவப்புப் பாறைகளில் டைனோசர் முட்டைகளைக் கண்டெடுத்தது அதே குழுதான்.

இரண்டு ஸ்டெப்னி, காற்றடிக்கும் பம்ப், மண்வெட்டி, இழுக்கும் கயிறு, ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். இதில் எதையும் குறைக்காதீர்கள். ஜூலையிலும் மலையில் இரவு உறைநிலைக்கு அருகே போகும், கம்பளி ஆடை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

புல்வெளி யாருக்கும் சொந்தமில்லை என்று நினைப்பது

தடம் குண்டும் குழியுமாக இருக்கிறது, பக்கத்தில் புல் மெத்தை போலக் கிடக்கிறது. வண்டியை அதில் இறக்கினால் என்ன என்று தோன்றும். எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இதுதான். மங்கோலியச் சட்டப்படி மேய்ச்சல் நிலத்தைத் தனியார் உடைமையாக்க முடியாது. அத்தனை மேய்ப்பர் குடும்பங்களுக்கும் அது பொது. ஆடும் குதிரையும் குளிர்காலத்தைத் தாண்டுவது கோடையில் அங்கே மேய்ந்து சேர்த்த கொழுப்பில்தான். வறண்ட, குளிர்ந்த அந்த மண்ணில் டயர் கிழித்த புல் மீள ஆண்டுக்கணக்காகும். ஒருவர் போட்ட புதுத் தடத்தில் அடுத்தவர் வருவார், அப்படித்தான் ஒரு தடம் பத்துத் தடமாகிறது. உங்களுக்கும் ஆபத்துதான்: புல்லுக்குள் மர்மோட் என்ற பெரிய அணில் வகை விலங்கின் வளைகளும், மேலே காய்ந்து அடியில் சேறாக இருக்கும் சதுப்பும் ஒளிந்திருக்கும். எவ்வளவு மோசமானாலும் இருக்கும் தடத்திலேயே மெதுவாகப் போங்கள்.

வழி கேட்பது

டிரைவர் ஒவ்வொரு கெரிலும் (மேய்ப்பர்கள் வாழும் வட்டக் கூடார வீடு) வண்டியை நிறுத்திப் பேசினால் அவருக்கு வழி தெரியவில்லை என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள், போனில் இருக்கும் மேப்பை நீட்டுகிறார்கள். மேப் தேவைதான், ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நேற்றைய மழையில் ஆற்றைக் கடக்கும் எந்தத் துறை அடித்துப் போனது, எந்தக் கணவாயில் சேறு என்பது அங்கே மாடு மேய்ப்பவருக்குத்தான் தெரியும். டிரைவர் கேட்பது அதைத்தான்.

கெரை நெருங்கும்போது நாயைப் பிடிக்கச் சொல்லிக் குரல் கொடுத்து, வீட்டுக்காரர் வெளியே வந்த பிறகு காரிலிருந்து இறங்குங்கள். காவல் நாய்கள் விளையாட்டுக்குக் கடிப்பவை அல்ல. வாசல் கட்டையை மிதிக்கக் கூடாது. கொடுக்கும் பால் டீயை வலது கையால் வாங்கி ஒரு வாயாவது குடியுங்கள். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் அரிசி, பருப்பு, சின்ன அடுப்பு கொண்டுபோவது நல்லது, சிற்றூர்க் கடைகளில் ஆட்டிறைச்சி இல்லாத சாப்பாடு கிடைப்பது கஷ்டம்.

வண்டி நின்றுவிட்டால், கண்ணுக்கு எட்டிய தூரத்தில் கெர் தெரிந்தாலொழிய வண்டியை விட்டு நடக்காதீர்கள். அந்த வெட்டவெளியில் பக்கத்தில் தெரியும் மலைகூட நாள் முழுக்க நடந்தாலும் வராது. ஆளைத் தேடுவதைவிடக் காரைத் தேடுவது சுலபம். போன் சிக்னல் பெரும்பாலும் சோமைச் சுற்றி மட்டும்தான், மேடேறினால் சில சமயம் கிடைக்கும். போலீஸுக்கு 102, ஆம்புலன்ஸுக்கு 103. சிக்னலே இல்லாத பகுதிக்குப் போனால் சாட்டிலைட் கருவி வேண்டும். ஆனால் அதை இந்தியாவிலிருந்து கொண்டுபோக நினைக்காதீர்கள். அனுமதி இல்லாமல் வைத்திருப்பது இங்கே குற்றம், விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பயணிகளே கைதாகியிருக்கிறார்கள். உலான்பாத்தரில் வாடகைக்கு எடுத்து, திரும்பும்போது அங்கேயே கொடுத்துவிடுங்கள்.